ஊருக்குத் திரும்பிய சிப்பாய்களும் நினைவுக்கு உரியவர்களே

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், மெல்பர்னுக்கு மேற்கே நூறு கிலோமீட்டர் தாண்டி இருக்கிறது பல்லாரட். 1850-களில் தோண்டத் தோண்டத் தங்கம் கிடைத்ததால் வளர்ந்த ஊர். ஊரின் மேற்கு எல்லையில் ஒரு வெற்றி வளைவு நிற்கிறது. அதைக் கடந்து பர்ரம்பீட் பக்கம் போகும் பழைய நெடுஞ்சாலையில் 22 கிலோமீட்டருக்கு மரங்கள். எல்ம், ஓக், ஆஷ் என்று பெரும்பாலும் ஐரோப்பிய மரங்கள். ஒவ்வொன்றின் அருகிலும் ஒரு சிறிய வெண்கலத் தகடு. அதில் ஒரு பெயர். முதல் உலகப் போரின்போது பல்லாரட்டிலிருந்தும் சுற்றுவட்டாரத்திலிருந்தும் படையில் சேர்ந்த ஒவ்வொருவருக்கும் ஒரு மரம் என்று 3,700-க்கும் அதிகமான மரங்கள் நடப்பட்டன.

இதைச் செய்து முடித்தவர்கள் தையல் தொழிலாளிகள். ஊரில் லூகாஸ் என்றொரு ஆடைத் தொழிற்சாலை இருந்தது. ஏறத்தாழ 500 பெண்கள் அங்கே வேலை பார்த்தார்கள். நிர்வாகிகளில் ஒருவரான டில்லி தாம்சன் யோசனை சொல்ல, அந்தப் பெண்கள் பணம் திரட்டினார்கள். 1917 ஜூன் 3 அன்று முதல் மரங்கள் மண்ணில் இறங்கின. போர் நடந்துகொண்டிருந்தபோதே வரிசை நீண்டுகொண்டு போனது. 1919-ல் நடவு முடிந்தது. வளைவை 1920 ஜூனில் வேல்ஸ் இளவரசர் வந்து திறந்துவைத்தார். ஊரில் இன்றும் அவர்களை ‘லூகாஸ் பெண்கள்’ என்றே சொல்கிறார்கள்.

அந்தப் பெண்கள் எடுத்த இரண்டு முடிவுகளை நான் பெரிதாக மதிக்கிறேன். அதிகாரிக்கு முன்வரிசை, சிப்பாய்க்குப் பின்வரிசை என்று அவர்கள் பிரிக்கவில்லை. யார் எப்போது படையில் சேர்ந்தார்களோ அந்த வரிசையில் மரம் வைத்தார்கள். உயிரோடு திரும்பியவர்களுக்கும் வைத்தார்கள். பிரான்ஸில் புதைந்து கிடப்பவரின் மரத்துக்குப் பக்கத்திலேயே, திரும்பி வந்து ஊரில் ரொட்டிக் கடை வைத்தவரின் மரமும் நிற்கலாம். இந்த இரண்டாவது முடிவைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதல் உலகப் போர் தொடங்கியபோது ஆஸ்திரேலியாவின் மக்கள்தொகை 50 லட்சத்துக்கும் குறைவு. அதிலிருந்து 4,16,000-க்கும் அதிகமானோர் படையில் சேர்ந்தார்கள். 18 முதல் 44 வயது வரையுள்ள ஆண்களில் பத்துக்கு ஏறத்தாழ நான்கு பேர். இவர்களில் ஒருவரைக்கூடச் சட்டம் கட்டாயப்படுத்தி அனுப்பவில்லை. கட்டாய ராணுவ சேவைக்காக அரசு 1916 அக்டோபரிலும் 1917 டிசம்பரிலும் பொது வாக்கெடுப்பு நடத்தியது. இரண்டு முறையும் மக்கள் ‘முடியாது’ என்று சொல்லிவிட்டார்கள். போனவர் எல்லோரும் தாமாகப் போனவர்கள் என்பதால், போனதையே ஊர் கணக்கில் எடுத்துக்கொண்டது. பிரிட்டனின் ஊர்ச் சதுக்கங்களில் உள்ள நினைவுக் கற்களில் பெரும்பாலும் இறந்தவர் பெயர்களே உண்டு. ஆஸ்திரேலியச் சிற்றூர்களிலோ போய்வந்தவர்களின் பெயர்களையும் ஏராளமான கற்களில் காணலாம். வரலாற்றாசிரியர் கென் இங்க்லிஸ் நாடு முழுவதும் அலைந்து இந்தச் சின்னங்களை ஆராய்ந்து, 1998-ல் ‘சேக்ரட் பிளேசஸ்’ என்ற பெரிய நூலை எழுதினார். போனவர் எல்லோருடைய பெயரும் கல்லில் ஏறியபோது, யார் பெயர் அங்கே இல்லை என்பதும் ஊருக்குத் தெரிந்துபோனது. அந்த உறுத்தலும் இந்தக் கற்களில் சேர்ந்தேதான் இருக்கிறது.

போர்க்களத்தில் இறந்தவர்களின் உடலை ஊருக்குக் கொண்டுவருவதில்லை என்பது அன்றைய பிரிட்டிஷ் பேரரசின் முடிவு. ஏறத்தாழ 60,000 ஆஸ்திரேலியர்கள் துருக்கியிலும் பிரான்ஸிலும் பெல்ஜியத்திலும் பாலைவனங்களிலும் அப்படியே தங்கிவிட்டார்கள். கப்பலேறிப் போய் மகனின் கல்லறையைப் பார்க்க மிகச் சில குடும்பங்களுக்கே வசதி இருந்தது. கல்லறைக் கல்லில் ஒரு வாசகம் பொறித்துக்கொள்ளக் குடும்பத்துக்கு உரிமை தரப்பட்டது: இடைவெளி உட்பட 66 எழுத்துகளுக்குள், எழுத்துக்கு மூன்றரை பென்ஸ் கட்டணம். பணமுள்ளவருக்கு ஒரு நியாயம், இல்லாதவருக்கு ஒரு நியாயமா என்று கேட்டு நியூசிலாந்து அந்த வாசகங்களையே வேண்டாம் என்றது. ஆஸ்திரேலியத் தாய்மார்கள் கணக்குப் பார்த்து, எழுத்தைச் சுருக்கி, அனுப்பிவைத்தார்கள். அவர்களுக்கு உள்ளூர்க் கல்லோ மரமோதான் கைக்கெட்டிய கல்லறை.

காலம் போகப் போக, நாட்டின் நினைவு முழுவதும் இறந்தவர்களின் மேல் குவிந்துவிட்டது. ஒவ்வோர் ஏப்ரல் 25-லும், போர்வீரர்களை நினைவுகூரும் அன்சாக் நாளின் விடியற்காலையில், நாடெங்கும் மக்கள் கூடி நிற்கிறார்கள். அது உண்மையான உணர்ச்சி. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் கடல் கடந்து போய்த் திரும்பி வந்த இரண்டரை லட்சத்துக்கும் அதிகமானோர் அந்தக் கூட்டத்தின் நினைவில் எங்கே நிற்கிறார்கள்? இறந்தவனுக்கு என்றும் இளமை. அவனைப் புகழ்வது எளிது. திரும்பி வந்தவன் குடித்தான், கடன்பட்டான், ராத்திரியில் அலறினான், பிள்ளைகளை அடித்தான், அல்லது அமைதியாக நாற்பது வருடம் தபால் கொடுத்தான். அவனை நினைவுகூர வேண்டுமானால் அவன் வாழ்க்கையை எழுத வேண்டும். அதைச் செய்யக்கூடியவர்கள் அவன் ஊர்க்காரர்கள்தான்.

எம்டனைத் துரத்திய கப்பல்

இந்த வரலாற்றின் ஒரு நூல் நம் சென்னையைத் தொட்டுக்கொண்டு போகிறது. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைக் குண்டுவீசிக் கொளுத்திவிட்டுப் போன ஜெர்மன் போர்க்கப்பல் எம்டனைத் தமிழர்கள் மறந்ததில்லை. அதை நவம்பர் 9 அன்று கொகோஸ் தீவுகளுக்கு அருகே அடித்து நொறுக்கிக் கரைதட்ட வைத்தது ஆஸ்திரேலியாவின் ‘சிட்னி’ போர்க்கப்பல். சிட்னி அப்போது, நவம்பர் 1 அன்று ஆல்பனி துறைமுகத்தை விட்டுப் புறப்பட்ட முதல் படைக் கப்பல் வரிசைக்குக் காவலாக வந்துகொண்டிருந்தது. அந்த வரிசையில் இருந்தது 8-ஆம் பட்டாலியன். பல்லாரட் உள்ளிட்ட விக்டோரியாவின் ஊர்ப்புறங்களில் போர் தொடங்கிய இரண்டு வாரத்துக்குள் திரட்டப்பட்ட படை அது.

அவர்கள் கொழும்பு வழியாக எகிப்துக்குப் போனார்கள். 1915 ஏப்ரல் 25 அன்று கலிப்பொலியில் இறங்கினார்கள். மே 8 அன்று கிரித்தியா கிராமத்தை நோக்கிப் பட்டப்பகலில், வெட்டவெளியில் முன்னேறச் சொன்னார்கள். 8-ஆம் பட்டாலியன் அடங்கிய பிரிகேட் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் ஆயிரம் பேரை, மாண்டவரும் காயம்பட்டவருமாக, இழந்தது. கிராமத்தைப் பிடிக்கவும் முடியவில்லை. துருக்கிக்காரன் ஆஸ்திரேலியனுக்கு எந்தத் தீங்கும் செய்ததில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பேரரசு கூப்பிட்டது, போனார்கள்.

காகிதத்தில் இருக்கும் மனிதர்கள்

ஆஸ்திரேலிய தேசிய ஆவணக் காப்பகம் ஒரு பெரிய வேலையைச் சத்தமில்லாமல் செய்து முடித்திருக்கிறது. முதல் உலகப் போருக்குப் போன ஏறத்தாழ 3,76,000 பேரின் பணிக்கோப்புகளைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து இணையத்தில் வைத்துவிட்டது. யார் வேண்டுமானாலும், எங்கிருந்து வேண்டுமானாலும், காசு கொடுக்காமல் படிக்கலாம்.

ஒரு கோப்பைத் திறந்தால் முதலில் படையில் சேர்ந்தபோது நிரப்பிய படிவம்: பெயர், வயது, தொழில், மதம், நெருங்கிய உறவினர், உயரம், கண்ணின் நிறம், உடம்பில் உள்ள தழும்பு. 1914-ல் 5 அடி 6 அங்குலத்துக்குக் குறைவானவர்களைத் திருப்பி அனுப்பிய ராணுவம், 1917-ல் 5 அடி இருந்தால் போதும் என்று இறங்கி வந்தது. ஆள் தீர்ந்துபோனதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. பிறகு அவன் போன இடங்கள், பட்ட காயங்கள், படுத்த மருத்துவமனைகள் தேதிவாரியாக வரும். அனுமதி இல்லாமல் வெளியே போனதற்குச் சம்பளம் பிடித்தது வரும். பால்வினை நோய்க்குச் சிகிச்சை எடுத்ததும் ஒளிக்கப்படாமல் வரும். இறந்தவனாக இருந்தால் அவனுடைய பொருள்களின் பட்டியல் இருக்கும்: கடிதங்கள், புகைக்குழாய், பிரார்த்தனைப் புத்தகம். அதற்கும் பிறகு, மெல்பர்னில் இருந்த ஆவண அலுவலகத்துக்கு அம்மாக்கள் எழுதிய கடிதங்கள். மகனின் பெட்டி இன்னும் வரவில்லை, எங்கே புதைத்தீர்கள், கடைசியாக அவனோடு யார் இருந்தது என்று கேட்கும் கடிதங்கள். பதில்கள் தட்டச்சில், மரியாதையாக, ஒரே அச்சில் வார்த்தது போல இருக்கும்.

அந்தக் கேள்விகளுக்கு உண்மையான பதில் தேடியவர் ஒரு பெண். பல்லாரட் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்து மூன்று முறை பிரதமரான ஆல்ஃபிரெட் டீக்கினின் மகள் வீரா டீக்கின். 1915 அக்டோபரில், 23 வயதில், கெய்ரோவில் செஞ்சிலுவைச் சங்கத்தின் சார்பில் காயமுற்றோர், காணாமற்போனோர் விசாரணைப் பிரிவைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு அது லண்டனுக்கு மாறியது. மருத்துவமனைகளில் படுத்திருக்கும் சிப்பாய்களிடம் ஆட்களை அனுப்பி, ‘உன் பக்கத்தில் விழுந்தவன் யார், எப்படி விழுந்தான், யார் பார்த்தது’ என்று கேட்டு எழுதிவரச் செய்தார். ஒருவர் சொன்னதை இன்னொருவர் மறுத்திருப்பார். இரண்டையும் பதிந்தார்கள். ராணுவம் ‘காணவில்லை’ என்ற ஒரு சொல்லோடு நிறுத்திக்கொண்ட இடத்தில், அந்தப் பிரிவு ஒரு மனிதனின் கடைசி மணி நேரத்தைத் தாய்க்குச் சொல்லப் பார்த்தது. இப்படி ஏறத்தாழ 32,000 பேரைப் பற்றிய கோப்புகள் சேர்ந்தன.

அந்தக் காகிதங்களின் பலன் தொண்ணூறு ஆண்டு கழித்துத் தெரிந்தது. பிரான்ஸின் ஃப்ரோமெல் கிராமத்தருகே 1916 ஜூலை 19 இரவு நடந்த தாக்குதலில் 5,533 ஆஸ்திரேலியர்கள் மாண்டார்கள், காயமுற்றார்கள், அல்லது சிறைபிடிக்கப்பட்டார்கள். ஒரே இரவில். இறந்தவர்களில் ஒரு பகுதியினர் எங்கே புதைக்கப்பட்டார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. மெல்பர்னில் பள்ளி ஆசிரியராக இருந்த லாம்பிஸ் எங்க்லெசோஸ் பெயர்ப்பட்டியல்களைக் கல்லறைக் கணக்குகளோடு ஒப்பிட்டு, கணக்கு உதைக்கிறது என்று கண்டுபிடித்தார். செஞ்சிலுவைக் கோப்புகளையும் ஜெர்மன் ஆவணங்களையும் வைத்துக்கொண்டு, ஃபெசன்ட் வுட் என்ற தோப்பின் ஓரத்தில் புதைகுழிகள் இருக்கின்றன என்று வருடக்கணக்கில் வாதாடினார். முதலில் அதிகாரிகள் அதை ஏற்கவில்லை. 2009-ல் தோண்டியபோது 250 உடல்கள் கிடைத்தன. அவர்களுக்கென ஒரு புதிய கல்லறைத் தோட்டம் அமைத்து 2010 ஜூலையில் திறந்தார்கள். குடும்பங்களின் மரபணுவை ஒப்பிட்டு இதுவரை 170-க்கும் மேற்பட்டோருக்குப் பெயர் கிடைத்திருக்கிறது. ஒரு பள்ளி ஆசிரியரின் பிடிவாதமும் பழைய காகிதமும் சேர்ந்து செய்த வேலை இது.

உள்ளூர் வரலாற்று மன்றங்கள் செய்வதும் இதே வகை வேலைதான். ஓய்வுபெற்ற செவிலியரும் நூலகரும் விவசாயியும் சேர்ந்து ஊர்க் கல்லில் உள்ள பெயர்களை ஒவ்வொன்றாக எடுத்து, பணிக்கோப்பைப் படித்து, பள்ளிப் பதிவேடு பார்த்து, பழைய செய்தித்தாளில் தேடி, ஆளுக்கு இரண்டு பக்கம் எழுதுகிறார்கள். சிப்பாய் வீட்டுக்கு எழுதிய கடிதத்தை அந்தக் காலத்தில் உள்ளூர்ப் பத்திரிகைகள் வெளியிட்டன. அந்தப் பத்திரிகைகள் இப்போது தேசிய நூலகத்தின் ‘ட்ரோவ்’ இணையதளத்தில் கிடைக்கின்றன. கணினி பிழையாகப் படித்த எழுத்துகளை வாசகர்களே கோடிக்கணக்கான வரிகளில் திருத்திக் கொடுத்திருக்கிறார்கள், ஒரு காசு கூலி இல்லாமல்.

திரும்பியதற்குப் பிறகு

கோப்பின் கடைசிப் பக்கத்தில் ‘படையிலிருந்து விடுவிக்கப்பட்டார்’ என்று முத்திரை விழும். வாழ்க்கையின் கடினமான பகுதி அங்கேதான் ஆரம்பிக்கிறது. திரும்பிய சிப்பாய்களுக்கு நிலம் கொடுத்து விவசாயியாக்கும் திட்டத்தை மாநில அரசுகள் நடத்தின. கொடுத்த நிலம் சிறியது, மண் மோசம், கடன் பெரியது, விளைபொருள் விலை சரிந்தது, நுரையீரலில் விஷவாயு பட்டவன் மண்வெட்டி பிடிக்க முடியவில்லை. ஆயிரக்கணக்கானோர் நிலத்தை விட்டுவிட்டுப் போனார்கள். நீதிபதி பைக் 1929-ல் கொடுத்த அறிக்கை, இத்திட்டத்தால் ஏற்பட்ட நஷ்டத்தை 2 கோடியே 35 லட்சம் பவுண்ட் என்று கணக்கிட்டது. குடும்பங்களில் விழுந்த நஷ்டத்துக்கு யாரும் கணக்கு எழுதவில்லை.

கலிப்பொலியில் பேர்போன குறிபார்த்துச் சுடுபவர் பில்லி சிங். குயின்ஸ்லாந்தின் கிளெர்மான்ட் ஊர்க்காரர். அப்பா சீனர், அம்மா ஆங்கிலேயர். பத்திரிகைகள் அவரைக் கொண்டாடின. போர் முடிந்து அவருக்குக் கிடைத்த நிலம் கைகொடுக்கவில்லை. தங்கம் தேடிப் பார்த்தார், கூலி வேலை பார்த்தார். 1943 மே மாதம் பிரிஸ்பேனில் ஒரு வாடகை விடுதியில் ஏழையாக, தனியாக இறந்தார். இன்று அவர் பெயரில் புத்தகங்கள் இருக்கின்றன. எத்தனை பேரைச் சுட்டார் என்பதில்தான் எல்லோருக்கும் ஆர்வம். போருக்குப் பிந்தைய இருபத்தைந்து ஆண்டுகளில் அந்த மனிதருக்கு அவர் நாடு என்ன செய்தது என்பதே நான் கேட்க விரும்பும் கேள்வி.

வீட்டுக்குள் நடந்ததை எழுதுவது இன்னும் சிரமம். அலிஸ்டர் தாம்சன் என்ற வரலாற்றாசிரியர் 1980-களில் மெல்பர்னின் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த முதிய சிப்பாய்களைப் பேட்டி கண்டு, ‘அன்சாக் மெமரீஸ்’ என்ற நூலை 1994-ல் வெளியிட்டார். பொதுவெளியில் உலவும் வீரக்கதையோடு பொருந்தும்படி மனிதர்கள் தம் சொந்த நினைவையே எப்படி மாற்றிக்கொள்கிறார்கள் என்று காட்டிய நூல். ஆனால் அவருடைய சொந்தத் தாத்தா ஹெக்டரும் திரும்பிய சிப்பாய்; மனநோயால் துன்பப்பட்டவர். அதை எழுதக் கூடாது என்று தாம்சனின் அப்பா எதிர்த்தார். முதல் பதிப்பில் தாம்சன் அதை விட்டுவிட்டார். 2013-ல் வந்த புதிய பதிப்பில், தாத்தாவின் ஓய்வூதிய, மருத்துவக் கோப்புகளைப் படித்து முழுவதையும் எழுதினார். அந்த அப்பாவின் தயக்கத்தை நான் புரிந்துகொள்கிறேன். தன் அப்பாவைப் பற்றி ஊர் பேசுவதை எந்த மகன் விரும்புவான்? ஆனாலும் தாம்சன் எழுதியது சரி என்றே நினைக்கிறேன். போர் என்ன செய்யும் என்பதைச் சொல்லும் தகுதி, நாட்டின் தலைவர்கள் பேசும் பேச்சைவிட அந்த மருத்துவக் கோப்புக்கே அதிகம்.

இன்னும் ஒரு குடும்பம். மேற்கு விக்டோரியாவில், கொண்டா ஏரிப் பகுதியின் குண்டிட்ஜ்மாரா பழங்குடியினரான லவெட் சகோதரர்கள் ஐந்து பேர் முதல் உலகப் போருக்குப் போனார்கள். ஐரோப்பிய வம்சாவளி அல்லாதவர்களை ஒதுக்கிய ராணுவச் சட்டத்தையும் மீறி, நாடு முழுவதிலுமிருந்து ஆயிரத்துக்கும் அதிகமான பழங்குடியினர் அந்தப் போரில் சேவை செய்தார்கள். லவெட் சகோதரர்கள் ஐவரும் உயிரோடு திரும்பினார்கள். அவர்களில் நால்வர் இரண்டாம் உலகப் போரின்போது மீண்டும் சீருடை அணிந்தார்கள். அந்தப் போருக்குப் பின் கொண்டா ஏரி மிஷன் நிலம், அவர்களுடைய சொந்த மூதாதையர் மண், திரும்பிய சிப்பாய்களுக்குப் பங்கிடப்பட்டது. வெள்ளையருக்குக் கிடைத்தது, லவெட் குடும்பத்துக்கு மறுக்கப்பட்டது. 2000-ஆம் ஆண்டில் கான்பெராவில் முன்னாள் படைவீரர் துறையின் அலுவலகக் கட்டடத்துக்கு லவெட் டவர் என்று பெயர் வைத்தார்கள். நல்லதுதான். ஆனால் பெயர்ப்பலகையைப் படிப்பவருக்கு நிலம் மறுத்த கதையும் தெரிய வேண்டும்.

கட்டடத்துக்குக் கோடிகள்

2018 ஏப்ரலில் பிரான்ஸின் வில்லெர்-பிரெட்டனோவில் சர் ஜான் மொனாஷ் மையம் திறக்கப்பட்டது. செலவு ஏறத்தாழ 10 கோடி ஆஸ்திரேலிய டாலர். அதே ஆண்டு, கான்பெராவில் உள்ள ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தை விரிவாக்க ஏறத்தாழ 50 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது. அந்நினைவகத்தின் முன்னாள் இயக்குநர்களே எதிர்த்தும் விரிவாக்கம் நிற்கவில்லை. இதே காலகட்டத்தில், தேசிய ஆவணக் காப்பகத்தில் மக்கி அழியும் பதிவுகளைக் காப்பாற்ற 6.77 கோடி டாலர் வேண்டும் என்று ஒரு மீளாய்வு கேட்டது. பொதுமக்கள் குரல் கொடுத்த பிறகே 2021 ஜூலையில் அது கிடைத்தது. ‘ட்ரோவ்’ தளம் பணமில்லாமல் மூடப்படும் நிலைக்குப் போய், 2023 ஏப்ரலில்தான் நான்காண்டுக்கு 3.3 கோடி டாலர் தரப்பட்டது. நினைவகத்தின் பெயர்ச்சுவரில் பதவிக் குறிப்பே இல்லாமல் 1,03,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் இருப்பதையும், தினமும் மாலையில் அவற்றில் ஒருவரின் கதையை வாசிப்பதையும் நான் போற்றுகிறேன். அந்தக் கதையை எழுதக் காகிதம் வேண்டுமே! காகிதத்துக்குக் கெஞ்ச வைத்துவிட்டு, நினைவகத்தில் விமானங்களைக் காட்சிக்கு நிறுத்தக் கூடம் கட்டுவது தவறான முன்னுரிமை.

உயிரோடு இருக்கும் சிப்பாய்க்கு வருவோம். படைவீரர் தற்கொலைகளை விசாரித்த அரச ஆணையம் 2024 செப்டம்பரில் இறுதி அறிக்கை கொடுத்தது. 1997 முதல் 2021 வரை பணியிலிருந்தோரும் முன்னாள் வீரர்களுமாகக் குறைந்தது 1,677 பேர் தற்கொலை செய்துகொண்டிருக்கிறார்கள். அதே காலத்தில் போர்ப்பணியிலும் ராணுவப் பயிற்சியிலும் இறந்தவர்களைவிட இது இருபது மடங்குக்கும் மேல். இழப்பீடு கேட்டு விண்ணப்பித்தவர்கள் மாதக்கணக்கில் காத்துக் கிடந்ததை அதே ஆணையத்தின் இடைக்கால அறிக்கை பதிவு செய்திருந்தது. அப்போது தேங்கிக் கிடந்த விண்ணப்பங்கள் 40,000-க்கும் மேல். நூறாண்டு முந்தைய அம்மாக்களின் கடிதங்களைப் படித்துக் கண்கலங்கும் நாடு, இந்த விண்ணப்பங்களையும் அதே கவனத்தோடு படித்திருக்க வேண்டும்.

முழு வாழ்க்கையையும் எழுதுவது என்றால் குற்றத்தையும் எழுதத்தான் வேண்டும். ஆப்கானிஸ்தானில் ஆஸ்திரேலியச் சிறப்புப் படையினர் 39 பேரைச் சட்டவிரோதமாகக் கொன்றதற்கு நம்பத்தகுந்த தகவல்கள் இருப்பதாக 2020 நவம்பரில் வெளியான பிரெரட்டன் அறிக்கை சொன்னது. இதையெல்லாம் சேர்த்தால் நாளைய நினைவு நாட்களின் புனிதம் கெட்டுவிடும் என்று அஞ்சுபவர்கள் உண்டு. சிப்பாயின் கதையை எழுதுவதே போரைப் புகழ்வதுதான் என்று எதிர்த்திசையிலிருந்து சொல்பவர்களும் உண்டு. இரு தரப்பாருக்கும் நான் சொல்லக்கூடியது ஒன்றே: ஒரு சிப்பாயின் கோப்பை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படியுங்கள். அதைப் படித்து முடித்தவர் போரைப் புகழ மாட்டார். அந்த மனிதனைத் தூக்கி எறியவும் மாட்டார்.

சயாம் பாதையில் இரண்டு கணக்கு

பல்லாரட் தாவரவியல் பூங்காவில் 2004 பிப்ரவரியில் திறக்கப்பட்ட இன்னொரு நினைவிடம் உண்டு. போர்க் கைதிகளாக இருந்த 35,000-க்கும் அதிகமான ஆஸ்திரேலியர்களின் பெயர்கள் கருங்கல் சுவரில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. இங்கும் இறந்தவர், திரும்பியவர் என்ற பிரிவு இல்லை. சிறைப்பட்டுத் திரும்பியவர்களை வீரர்களாகப் பார்க்கப் பலருக்கு நெடுங்காலம் மனம் வரவில்லை. ஜப்பானியரிடம் கைதியாக இருந்து உயிரோடு எஞ்சியவர்களுக்கு அரசு 25,000 டாலர் கொடுத்ததே 2001-ல்தான். அதற்குள் பெரும்பாலோர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

அந்தச் சுவரில் உள்ள பெயர்களில் ஏறத்தாழ 13,000 பேர் சயாம்-பர்மா ரயில் பாதையில் வேலை வாங்கப்பட்டவர்கள். 415 கிலோமீட்டர் பாதை, 1943 அக்டோபரில் முடிந்தது. ஏறத்தாழ 2,800 ஆஸ்திரேலியர்கள் அங்கே மாண்டார்கள். விக்டோரியாவைச் சேர்ந்த அறுவை மருத்துவர் எட்வர்ட் ‘வியரி’ டன்லப், அதிகாரிகளின் சம்பளத்தில் பிடித்தம் செய்து நோயாளிகளுக்கு முட்டையும் மருந்தும் வாங்கினார். அவர் முகாமில் இருந்து பிழைத்தவர் டாம் யூரன். பின்னாளில் அமைச்சரான பிறகும், வலியவன் எளியவனைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற தன் அரசியலை அந்த முகாமில்தான் கற்றதாகச் சொல்லிவந்தார்.

அதே பாதையில், அதே மழையில், மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்களும் மாண்டார்கள். தமிழர், பர்மியர், மலாய்க்காரர், ஜாவாக்காரர் என்று ஆசியத் தொழிலாளர்கள் மொத்தம் 2 லட்சம் பேர் இருக்கலாம். இறந்தவர்கள் குறைந்தது 75,000, அதற்கு மேலும் என்கின்றன மதிப்பீடுகள். மதிப்பீடு மட்டும்தான் உண்டு. போர் முடிந்ததும் 1945-ல் முன்னாள் கைதிகள் அடங்கிய ஒரு குழு அந்தப் பாதை முழுவதும் பயணம் செய்து, 144 இடுகாடுகளில் நேச நாட்டுக் கைதிகளின் 10,000-க்கும் மேற்பட்ட கல்லறைகளைக் கண்டுபிடித்தது. கைதிகள் ரகசியமாகக் கணக்கு எழுதி, சிலவற்றைக் கல்லறைகளுக்குள்ளேயே புதைத்து வைத்திருந்ததால் அது சாத்தியமானது. இன்று தாய்லாந்தின் காஞ்சனபுரியில் வரிசையாக, பெயரோடு, புல்வெளியில் அவர்களில் பலர் இருக்கிறார்கள். தோட்டத் தமிழனின் பெயரை எழுதிவைக்க அதிகாரிகள் யாரும் அவனோடு போகவில்லை. மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகம் ‘சயாம் மரண ரயில்’ என்ற நாவலை எழுதி அவர்களை நம் மொழிக்குள் கொண்டுவந்தார். நாவல் செய்யக்கூடியது அது. பெயர்ப்பட்டியலுக்கு வேறு உழைப்பு வேண்டும்.

அந்த உழைப்புக்கு ஒரு வழி ஆஸ்திரேலியாவில் திறந்தே இருக்கிறது. 1943-ல் ஜப்பானியர்கள் சிங்கப்பூரின் சாங்கி முகாமிலிருந்து கைதி மருத்துவர்களையும் உதவியாளர்களையும் திரட்டி, கே ஃபோர்ஸ், எல் ஃபோர்ஸ் என்ற இரண்டு குழுக்களாக ஆசியத் தொழிலாளர் முகாம்களுக்கு அனுப்பினார்கள். ஆஸ்திரேலியர்களும் அவற்றில் இருந்தார்கள். காலராவிலும் பேதியிலும் செத்துக்கொண்டிருந்த தமிழர்களைக் கடைசியாகத் தொட்டுப் பார்த்த மருத்துவக் கைகளில் அவர்களுடையவையும் உண்டு. அந்தக் குழுக்களில் போன ஆஸ்திரேலியர்களின் வாழ்க்கையை அவரவர் ஊர் வரலாற்று மன்றங்கள் எழுதும்போது, அவர்களின் நாட்குறிப்பிலும் அறிக்கையிலும் வாக்குமூலத்திலும் எந்த முகாம், எத்தனை நோயாளிகள், எந்தத் தோட்டத்து ஆட்கள் என்று என்னென்ன பதிவாகியிருக்கிறது என்பதையும் சேர்த்து எடுத்து வைக்கட்டும். மெல்பர்னிலும் சிட்னியிலும் தமிழ்ச் சங்கங்கள் இருக்கின்றன. ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்து படிக்கக்கூடிய தமிழ் மாணவர்கள் இருக்கிறார்கள். கோலாலம்பூரிலும் சென்னையிலும் உள்ள பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகளும் வரலாற்றுத்துறைகளும் அவர்களோடு சேர்ந்து, கே ஃபோர்ஸ், எல் ஃபோர்ஸ் பதிவுகள் முழுவதையும் படித்து, முகாம்வாரியாக ஒரு பட்டியல் தயாரிக்கும் வேலையை எடுத்துக்கொள்ள வேண்டும். அந்தப் பாதையிலிருந்து திரும்பிய தொழிலாளர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் மலேசியாவில் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் கேட்டு வளர்ந்த பெயர்களை அந்தப் பட்டியலில் சேர்ப்பதற்கு இதுவே தருணம்.